‘நீங்களும் பார்த்தீங்களா?’ - வானம் பார்ப்பவர்களை விழித்திருக்கவைக்கும் ஒரு கேள்வி!

2010, ஜூன் 4. நம் ஊரில் அதிகாலை மணி 2-ஐத் தாண்டி ஒரு நிமிடம். ஆஸ்திரேலியாவின் ப்ரோக்கன் ஹில் என்ற சுரங்க நகரத்தில் அப்போது காலை 6 மணி. குளிர்காலம் என்பதால் இன்னும் விடியவில்லை. நண்பரின் வீட்டுக்கு வந்திருந்த ஆண்டனி வெஸ்லி, தொலைநோக்கியில் மாட்டியிருந்த கேமரா அனுப்பிய காட்சியை லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் வியாழன் கிரகம். திடீரென அதன்மேல் ஒரு வெள்ளைப் புள்ளி பளிச்சென எரிந்தது. 2 விநாடி இருக்கும். அணைந்துவிட்டது.

வெஸ்லி விஞ்ஞானி அல்ல, கம்ப்யூட்டர் புரோகிராமர். வியாழனைப் படம் பிடிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. ஆனாலும் அந்தப் புள்ளி என்னவாக இருக்கலாம் என்று அவருக்கு உடனே தோன்றியது. ஏதோ ஒரு விண்கல் வியாழனில் விழுந்து எரிந்திருக்கிறது. அப்படி ஒன்று நடந்த கணத்தைப் பூமியிலிருந்து அதுவரை யாரும் நேரடியாக வீடியோ எடுத்ததில்லை.

சரி, ஊர் நம்ப வேண்டுமே? கேமராவில் ஏற்பட்ட கோளாறாக இருக்கலாம். குறுக்கே போன செயற்கைக்கோளில் சூரிய ஒளி பட்டுத் தெறித்திருக்கலாம். ஒரே ஒரு கேமராவில் மட்டும் பதிவான 2 விநாடி வெளிச்சத்தை வைத்துக்கொண்டு யாரிடமும் வாதாட முடியாது. வெஸ்லி தனக்குத் தெரிந்த வியாழன் பிரியர்களுக்கெல்லாம் இணையம் வழியே செய்தி அனுப்பினார். பார்த்த நேரத்தையும் குறிப்பிட்டிருந்தார்.

சுமார் 5,000 கி.மீ. தொலைவில், பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில் கிறிஸ்டோபர் கோ அந்தச் செய்தியைப் பார்த்தார். ஃபர்னிச்சர் தொழில் செய்பவர். அவருக்கும் வியாழன் பைத்தியம். 2006-ல் வியாழனில் இருந்த ஒரு வெள்ளைப் புயல் செந்நிறமாக மாறியதை முதலில் கவனித்துச் சொன்னவர் அவர்தான். அன்று அதிகாலையில் அவரும் வியாழனை வீடியோ எடுத்திருந்தார். எதையும் கவனிக்கவில்லை. வெஸ்லி சொன்ன நேரத்துக்கு வீடியோவை நகர்த்திப் பார்த்தால், அதே இடத்தில், அதே நொடியில், அதே பளிச்!

இரண்டு கண்டங்களில் இருக்கும் இரண்டு கேமராக்கள் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி கோளாறாக முடியாது. பூமிக்குப் பக்கத்தில் பறக்கும் செயற்கைக்கோளும் 5,000 கி.மீ. தள்ளியிருக்கும் இரண்டு பேருக்கும் வியாழனின் அதே புள்ளியில் தெரியாது. விஷயம் உறுதியானது. ஒருவர் சிவப்பு வடிகட்டி வழியாகவும், இன்னொருவர் நீல வடிகட்டி வழியாகவும் படம் எடுத்திருந்தது கூடுதல் அதிர்ஷ்டம். அதை வைத்து விழுந்த கல்லின் குறுக்களவு 8 முதல் 13 மீட்டர் வரை இருக்கலாம் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். ஒரு பஸ்ஸின் நீளம்தான். அந்த ஆய்வுக் கட்டுரையில் தொழில்முறை விஞ்ஞானிகளின் பெயர்களோடு வெஸ்லி, கோ இருவரின் பெயர்களும் இருக்கின்றன.

அமெச்சூர் வானியல் என்றதும் நாம் கற்பனை செய்வது, மொட்டை மாடியில் தனியாக நிற்கும் ஓர் ஆளையும் ஒரு தொலைநோக்கியையும்தான். பாதி உண்மை. ஆள் தனியாகத்தான் நிற்கிறார். ஆனால், அவர் பார்த்தது செய்தியாவதற்கு இன்னொரு கண் வேண்டியிருக்கிறது. வானத்தில் நடப்பவை நமக்காகக் காத்திருப்பதில்லை. மறு ஒளிபரப்பும் கிடையாது. ‘நீங்களும் பார்த்தீங்களா?’ என்று கேட்க ஆள் இருந்தால் கண்டுபிடிப்பு. இல்லாவிட்டால் வெறும் நினைவு.

நுங்கம்பாக்கத்துக்கு வந்த தந்தி

இரண்டாவது கண் கிடைக்காமல் போனதற்கு ஓர் உதாரணம் நம் சென்னையிலேயே இருக்கிறது. சம்பந்தப்பட்டவர்கள் தொழில்முறை வானியலாளர்கள். ஆனால், கதை இதே கதைதான்.

பீலா என்றொரு வால் நட்சத்திரம். 1846-ல் வந்தபோது இரண்டாக உடைந்தது. 1852-க்குப் பிறகு ஆளையே காணோம். 1872, நவம்பர் 27 இரவு ஐரோப்பா முழுவதும் எரிநட்சத்திரங்கள் மழையாகப் பொழிந்தன. காணாமல்போன பீலாவின் தூசுதான் பூமியில் கொட்டுகிறது என்று ஜெர்மனியின் கோட்டிங்கன் நகர வானியலாளர் கிளிங்கர்ஃபூஸ் ஊகித்தார். அப்படியென்றால், பீலா நம்மைக் கடந்து தெற்கு வானத்துக்குப் போயிருக்க வேண்டும். ஆனால், கோட்டிங்கனிலிருந்து அந்தப் பகுதி தெரியாது. தெற்கே யார் இருக்கிறார்கள்? சென்னையில் போக்சன் இருக்கிறார்!

நார்மன் போக்சன் அப்போது நுங்கம்பாக்கத்தில் இயங்கிய மெட்ராஸ் வான் ஆய்வகத்தின் தலைவர். (இன்று வானிலை ஆய்வு மையம் இருக்கும் அதே வளாகம்தான்.) ஒரு நட்சத்திரம் எவ்வளவு பிரகாசம் என்பதைச் சொல்ல இன்றும் உலகமே பயன்படுத்தும் கணக்கை 1856-ல் வகுத்துக்கொடுத்தவர். பீலா பூமியை உரசிப் போயிருக்கிறது, இன்ன நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் தேடிப் பாருங்கள் என்று நவம்பர் 30-ம் தேதி அவருக்குத் தந்தி பறந்தது.

டிசம்பர் மாதச் சென்னை வானத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழையும் மேகமும். இருந்தாலும் மேகம் விலகிய ஓர் அதிகாலையில் போக்சன் சொன்ன இடத்தில் தேடினார். அங்கே ஒரு வால் நட்சத்திரம் இருந்தது. மறுநாள் அதிகாலையும் பார்த்தார். பிறகு மேகம் மூடிக்கொண்டது. மீண்டும் பார்க்கவே முடியவில்லை.

வால் நட்சத்திரத்தின் பாதையைக் கணக்கிட, குறைந்தது மூன்று தனித்தனி வேளைகளில் அதன் இடத்தைக் குறித்திருக்க வேண்டும். போக்சனிடம் இருந்தது இரண்டு நாள் கணக்கு. வேறெங்கிருந்தும் யாரும் அதைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. அவர் பார்த்தது பீலா அல்ல என்பதைப் பின்னால் வந்தவர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். அப்படியானால் அது எது? 150 ஆண்டுகள் தாண்டியும் விடை இல்லை. கண்டம் விட்டுக் கண்டம் தந்தி வந்து சேர்ந்துவிட்டது. மேகமில்லாத ஊரில் இன்னொருவர்தான் இல்லாமல் போனார்.

கருவூல ஊழியரின் 37,000 குறிப்புகள்

தந்தி கொடுக்க வசதியில்லாதவர்களுக்குத் தபால். இந்த வகையில் யாராலும் மிஞ்ச முடியாத ஆள், ராதா கோபிந்த சந்திரா.

இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் ஜெசூர் பக்கம் ஒரு கிராமம் அவர் ஊர். நுழைவுத் தேர்வில் மூன்று முறை தோற்றவர். ஜெசூர் கருவூலத்தில் பணத்தை எண்ணி வாங்கும் வேலை. 1910-ல் ஹேலி வால் நட்சத்திரம் வந்தபோது பார்த்துப் பார்த்துக் குறிப்பெழுதினார். பிறகு காசு சேர்த்து, இங்கிலாந்திலிருந்து 3 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வரவழைத்தார். 1918 ஜூனில் கழுகு விண்மீன் கூட்டத்தில் ஒரு ‘புது நட்சத்திரம்’ திடீரென எரிந்தபோது, யாரும் சொல்லாமல் தானாகவே அதைக் கண்டுகொண்டார்.

அந்தச் செய்தி அமெரிக்காவின் ஹார்வர்டு வான் ஆய்வகத்துக்குக் கடிதமாகப் போனது. பதிலும் வந்தது. ஒளி மாறும் நட்சத்திரங்களைக் கவனிப்பதற்காக 1911-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டிருந்த ஏ.ஏ.வி.எஸ்.ஓ. என்ற அமெச்சூர்களின் சங்கத்தில் அவரும் சேர்ந்தார். பகலில் கருவூலம், இரவில் வானம். ஜெசூரில் எழுதிய குறிப்புகள் கப்பலேறி அமெரிக்கா போகும். 1950-கள் வரை அவர் அனுப்பிய குறிப்புகள் 37,000-க்கும் மேல்! முகம் பார்த்திராத அந்தச் சங்கத்து மனிதர்கள், அவருடைய சின்னத் தொலைநோக்கி போதாது என்று 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடல் கடந்து அனுப்பிவைத்தார்கள். கருவூல ஊழியருக்கு 1928-ல் பிரெஞ்சு அரசின் கௌரவமும் வந்தது.

பிரிவினைக்குப் பிறகு அவர் மேற்கு வங்கத்தின் பாராசத்துக்கு வந்துவிட்டார். வயதாகி, வானம் பார்ப்பது குறைந்தபோது, அந்த அமெரிக்கத் தொலைநோக்கியைத் தன்னுடனேயே வைத்துக்கொள்ளவில்லை. அது, அப்போது நைனிடாலில் இருந்த இளம் வானியலாளர் வைணு பாப்புவிடம் போனது. சென்னையில் பிறந்த பாப்புவும் மாணவப் பருவத்திலேயே ஒளி மாறும் நட்சத்திரங்களைத் துரத்தியவர்தான். பின்னாளில் திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில் காவலூர் வான் ஆய்வகத்தை உருவாக்கினார். சந்திராவின் தொலைநோக்கியும் அவர் வழியாகக் காவலூருக்கு வந்து சேர்ந்தது.

‘இப்பல்லாம் யாருங்க தந்தி அடிக்கிறாங்க?’

தபால், தந்தியிலிருந்து இணையத்துக்கு இந்த உலகம் எப்போது மாறியது என்று கேட்டால், தேதியோடு சொல்லலாம். 1995, ஜூலை 23.

அன்று இரவு அமெரிக்காவில், ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் ஒரே வால் நட்சத்திரத்தைத் தற்செயலாகப் பார்த்தார்கள். நியூ மெக்ஸிகோவில் தன் வீட்டு வாசலில் நின்ற ஆலன் ஹேல், உள்ளே போய் மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். அரிசோனாவில் தாமஸ் பாப், நண்பரின் தொலைநோக்கியில் பார்த்தார். கட்டுமானப் பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்த அவரிடம் சொந்தமாகத் தொலைநோக்கிகூட இல்லை. ஊருக்கு வெளியே இருட்டில் நின்றவர், காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, தந்தி கொடுத்தார்.

இரண்டும் போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்றுதான். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் இருக்கும் வானியல் தந்திகளுக்கான மத்திய அலுவலகம். பாப்பின் தந்தி போய்ச் சேர்வதற்குள் ஹேல் மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பி, அது நகரும் இடங்களைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். ‘இந்தக் காலத்தில் யார் தந்தி அடிக்கிறார்கள்?’ என்று அந்த அலுவலகத்தில் சிரித்தார்களாம். நல்லவேளை, வால் நட்சத்திரத்துக்கு இருவர் பெயரையும் வைத்தார்கள். அதுதான் 1997-ல் நாம் எல்லோரும் வெறும் கண்ணால் பார்த்த ஹேல்-பாப்.

இந்தியாவிலேயே 2013-ல் தந்திச் சேவைக்கு மூடுவிழா நடத்திவிட்டோம். அந்த அலுவலகத்தின் பெயரில் மட்டும் ‘தந்தி’ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் ஊர் நாளிதழ் பெயரில் இருப்பதைப்போல!

கிரிக்கெட் பார்க்கப் போனவர்

மின்னஞ்சல் வந்ததும் என்னென்ன சாத்தியமானது என்பதற்கு வெஸ்லியே இன்னொரு சாட்சி. பளிச் வெளிச்சத்துக்கு ஓராண்டு முன், 2009 ஜூலை 19 இரவு. வீட்டில் வியாழனைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர், வானம் சரியில்லை என்று மூட்டை கட்ட நினைத்தார். வீட்டுக்குள் போய் டிவியில் கோல்ஃபும் ஆஷஸ் கிரிக்கெட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார். மனசு கேட்காமல் திரும்பி வந்தால், வியாழனின் தென் துருவத்தின் பக்கம் கறுப்பாக ஒரு தழும்பு. முந்தைய படங்களில் இல்லாதது.

உடனே தெரிந்தவர்களுக்கெல்லாம் மின்னஞ்சல். நாசா விஞ்ஞானிகள் சிலர் ஹவாய் தீவின் மலை உச்சியில் இருக்கும் அகச்சிவப்புத் தொலைநோக்கியில் ஏற்கெனவே நேரம் வாங்கிவைத்திருந்தார்கள். அதை அந்தத் தழும்பின் பக்கம் திருப்பினார்கள். உறுதியானது. நான்கு நாளில் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியே திரும்பிப் பார்த்தது. பசிபிக் பெருங்கடல் அளவுக்குப் பெரிய காயம்! சில வாரம் கழித்துச் சொல்லியிருந்தால், வியாழனின் காற்றில் அது கரைந்து கலைந்திருக்கும்.

இதன்பிறகு வியாழன் ரசிகர்களிடம் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. யாராவது ‘பளிச்’ என்றால், மற்றவர்கள் அன்றைய வீடியோவைத் தேடுகிறார்கள். 2012 செப்டம்பரில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒருவர், கேமரா இல்லாமல் வெறுமனே தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்த்தபோது வியாழனில் வெளிச்சத்தைக் கண்டார். ஆதாரம் கிடையாது. இணையத்தில் எழுதினார். டெக்ஸாஸில் அதைப் படித்த இன்னொருவர், அன்று தான் எடுத்த வீடியோவைப் புரட்டினார். இருந்தது! ஒருவர் எழுதாமல் விட்டிருந்தால், மற்றவரின் வீடியோ ஹார்டு டிஸ்க்கில் தூங்கியிருக்கும். இப்போது இப்படிப்பட்ட வெளிச்சங்களை வீடியோவில் தானாகத் தேடும் மென்பொருளையே பிரான்ஸைச் சேர்ந்த ஓர் ஆர்வலர் இலவசமாகக் கொடுத்துவருகிறார்.

‘இல்லை’ என்பதும் செய்திதான்

பார்த்ததைச் சொல்வது சரி. எதுவுமே பார்க்கவில்லை என்றால்? அதையும் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரியாத, ஆனால் இந்தக் கூட்டத்தின் அழகான வழக்கம் இது.

திடீர் திடீரெனப் பல மடங்கு வெடித்துப் பிரகாசிக்கும் இரட்டை நட்சத்திரங்கள் உண்டு. 2012, 2013 ஆண்டுகளில் இவற்றில் சுமார் 40-ஐ ஹப்பிள் மூலம் ஆராய விஞ்ஞானிகள் திட்டமிட்டார்கள். ஒரு சிக்கல். ஹப்பிள் பார்க்கும் நேரம் பார்த்து நட்சத்திரம் வெடித்தால், அதன் நுட்பமான உணர்கருவி பாழாகலாம். எனவே, ஒவ்வொரு முறையும் ஹப்பிள் திரும்புவதற்கு முன், ஏ.ஏ.வி.எஸ்.ஓ. உலகம் முழுவதும் தன் ஆட்களிடம் கேட்டது. ஆட்கள் என்றால், வேலை முடிந்து வீட்டுக்கு வந்து தோட்டத்தில் தொலைநோக்கியை நிறுத்துபவர்கள். ‘பார்த்தேன். அமைதியாக இருக்கிறது’ என்று அவர்கள் சொன்ன பிறகுதான் ஹப்பிளுக்குப் பச்சைக் கொடி. கோடிக்கணக்கான டாலர் மதிப்புள்ள கருவிக்குக் கொல்லைப்புறத் தொலைநோக்கிகள் காவல்!

இந்தக் குழுக்களுக்குச் சில கறாரான விதிகள் உண்டு. நேரத்தை உள்ளூர் மணியில் சொல்லக் கூடாது. உலகப் பொது நேரத்தில் சொல்ல வேண்டும். (நம் கடிகாரத்தில் ஐந்தரை மணி நேரம் கழித்தால் அது.) ஒரு நட்சத்திரம் எவ்வளவு பிரகாசம் என்று மதிப்பிடும் முன், மற்றவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண் பொய் சொல்லும். புது ஆட்கள் வந்து ‘வால் நட்சத்திரம் கண்டுபிடித்துவிட்டேன்’ என்று படம் போட்டால், பெரும்பாலும் அது லென்ஸில் பட்ட பிரதிபலிப்பாக இருக்கும். அனுபவசாலிகள் சிலர் சலித்துக்கொள்ளவும் செய்வார்கள். ஆனால், நேரம், இடம், திசை மூன்றையும் சரியாக எழுதும் புதியவரை யாரும் விரட்டுவதில்லை.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் வருவது வேறு ரகம். ‘ஆகஸ்ட் 27 இரவு செவ்வாய் கிரகம் நிலா அளவுக்குத் தெரியும், இரண்டு நிலா பார்க்கலாம்’ என்ற ஃபார்வர்டு, 2003-ல் செவ்வாய் பூமிக்கு அருகில் வந்தபோது கிளம்பியது. இன்னும் ஓயவில்லை. அதற்கு அடுத்த கேள்வியாக ‘நீங்களும் பார்த்தீங்களா?’ என்று ஒருவர் கேட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

திருவாதிரை மங்கிய மாதம்

தொலைநோக்கி வாங்கினால்தான் இதில் சேர முடியும் என்றில்லை. 2019 டிசம்பர் முதல் 2020 பிப்ரவரி வரை, ஓரையன் கூட்டத்தின் செந்நிற நட்சத்திரமான பெட்டல்ஜுஸ் வழக்கத்தைவிட மிகவும் மங்கியது. நம் திருவாதிரைதான் அது. வெடித்துச் சிதறப்போகிறது என்றுகூடப் பேச்சு எழுந்தது. உலகம் முழுவதும் ஆர்வலர்கள் வெறும் கண்ணால் பார்த்து, பக்கத்திலிருக்கும் ரோகிணி, பெல்லாட்ரிக்ஸ் நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, எண்ணாக எழுதி அனுப்பினார்கள். பிப்ரவரியில் அது பெல்லாட்ரிக்ஸ் அளவுக்கு இறங்கி, பிறகு மெள்ள மீண்டது. நட்சத்திரம் உமிழ்ந்த தூசு அதன் ஒளியை மறைத்ததே காரணம் என்று பின்னர் தெரிந்தது.

இன்னொரு நட்சத்திரத்துக்காகக் காத்திருப்பு நீண்டுகொண்டிருக்கிறது. வடமகுடம் என்ற விண்மீன் கூட்டத்தில் டி கொரோனா போரியாலிஸ். சாதாரண நாள்களில் தொலைநோக்கி இல்லாமல் தெரியாது. 1866-லும், 1946-லும் வெடித்து, சில நாள்கள் வெறும் கண்ணுக்கே பிரகாசமாகத் தெரிந்து, மீண்டும் ஒளிந்துகொண்டது. அடுத்த முறை எப்போது என்று கடந்த சில ஆண்டுகளாகவே உலகம் எதிர்பார்க்கிறது.

அமெரிக்காவின் ஒஹாயோவில் லெஸ்லி பெல்டியர் என்ற விவசாயி இந்த நட்சத்திரத்தை 25 ஆண்டுகள் விடாமல் பார்த்துவந்தார். 1946 பிப்ரவரியில் ஒருநாள், அதிகாலை எழ அலாரம் வைத்திருந்தார். எழுந்தார். சளி பிடிக்கும்போல இருந்தது. திரும்பப் படுத்துவிட்டார். அன்றுதான் அது வெடித்தது! தன் வாழ்க்கை நூலில் இதை அவர் மனத்தாங்கலோடு எழுதியிருக்கிறார்.

இன்று பெல்டியர் படுத்துவிட்டாலும் எங்கோ ஒருவர் விழித்திருப்பார். அந்த ‘எங்கோ’ நம் பக்கமாகவும் இருக்க வேண்டியிருக்கிறது. அக்டோபர் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் இரவு 7 மணிக்கு, இந்த நட்சத்திரம் மேற்கு வானில் இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். அதே நேரத்தில் ஜப்பானில் அது மறைந்துகொண்டிருக்கும். ஜெர்மனியிலோ பிற்பகல் வெயில்.